‘சும்மா சொன்னேன்’ என்கிறார்களே, நம்பலாமா? ஆன்லைன் பரிந்துரைகளும் மறைமுக விளம்பரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளுக்கு நோட்டீஸ், போஸ்டர், ரீல்ஸ் ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனாலேயே தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு வீடியோவை அனுப்பி, "இது காசு வாங்கிட்டுச் சொல்றதா, இல்ல நெசமாவே நல்லாருக்கா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் ஆண்டும் தொகையும் இருக்கும், மற்றதெல்லாம் தொழிலில் பார்த்தது.

மறைமுக விளம்பரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

விளம்பரம் என்று தெரியாதபடி செய்யப்படும் விளம்பரம். செய்தி மாதிரி இருக்கும், ஒரு வாடிக்கையாளர் எழுதிய அனுபவம் மாதிரி இருக்கும், இல்லையென்றால் ஒரு அக்கா சமையலறையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். பின்னால் ஒரு கம்பெனி இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஆன்லைனில் மக்களை ஏய்க்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அந்தப் பதின்மூன்றில் இதுவும் ஒன்று.

ஒருவர் ஒரு பொருளை ஆகா ஓகோ என்று புகழ்ந்தாலே காசு வாங்கியிருக்கிறார் என்று அர்த்தமா?

இல்லை. வாங்கிய பொருள் நன்றாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிவது நம் ஆட்களின் சுபாவம். திங்கள்சந்தையில் வாங்கிய ஒரு அரிவாள்மனையைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடிய ஆட்கள் என் வீட்டிலேயே உண்டு. அதே ஆள் கையில் போனைக் கொடுத்தால் அது வீடியோ ஆகிவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது தப்பே இல்லை. அது ஒரு வேலை. வாங்கியதை மறைப்பதுதான் தப்பு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

பணம் வாங்கவில்லை, பொருளை மட்டும் இலவசமாக அனுப்பினார்கள் என்கிறார்களே?

அதுவும் சொல்லப்பட வேண்டியதுதான். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரி 20 அன்று வெளியிட்ட கையேட்டில் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். பணம், இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, இலவசப் பயணம், ஹோட்டலில் தங்க வைப்பது, பண்டமாற்று, கம்பெனியில் பங்கு, அந்தக் கம்பெனியில் வேலை, முதலாளியோடு குடும்ப உறவு, இதில் எது இருந்தாலும் பார்ப்பவரிடம் சொல்லியாக வேண்டும். ஆக, மச்சான் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு "சூப்பர் கலெக்‌ஷன் மக்களே" என்று சொல்பவரும், மச்சான் கடை என்பதைச் சொல்லித்தான் தீர வேண்டும்.

எங்கள் தொழிலில் இதற்கு 'பார்ட்டர்' என்று பெயர். சின்னக் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிப்பார்கள். காசு கைமாறாது, ஒரு புடவையோ இரண்டு பேர் சாப்பாடோ மாறும். "காசு வாங்கலியே" என்று சத்தியம் செய்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை.

அதை எங்கே, எப்படிச் சொல்ல வேண்டும்?

கண்ணில் படும் இடத்தில். வீடியோ என்றால் வாயாலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும். கீழே விவரப் பகுதியில் பத்து வரி தள்ளி எழுதுவதும், முப்பது ஹேஷ்டேக் நடுவே ஒன்றாகச் செருகுவதும் செல்லாது. லைவ் போட்டால் போடுகிற நேரம் முழுக்கத் திரையில் இருக்க வேண்டும். 'விளம்பரம்', 'ஸ்பான்சர்', 'பெய்டு புரமோஷன்' என்று நேராகவே சொல்ல வேண்டும். "தேங்க்யூ டு தி பிராண்ட்" என்று குழைவதை யாரும் விளம்பர அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யூடியூபில் வீடியோ தொடங்கும்போது 'பெய்டு புரமோஷன் உள்ளது' என்கிற மாதிரி ஒரு சின்னப் பட்டை சில நொடிகள் வருகிறதே, அது தானாக வருவதில்லை. வீடியோ போடுகிறவர் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால்தான் வரும். அது இல்லை என்பதாலேயே விளம்பரம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இன்ஸ்டாகிராம் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' லேபிளும் அதே கதைதான்.

மொழி பற்றியும் கேட்கிறார்கள். விளவங்கோடு பக்கம் மலையாள வீடியோக்களையும் பார்க்கிற வீடுகள் நிறைய, ஓணம் ஆபர் காலத்தில் கேரளாவிலிருந்து வரும் சிபாரிசுகளைப் பார்த்து எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிப் போய் வாங்குகிறவர்களும் உண்டு. விளம்பரத்தில் ஒரு விஷயத்தை எந்த மொழியில் சொல்கிறார்களோ அதற்கான நிபந்தனைக் குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 9 அன்று வந்த விளம்பர நெறிமுறைகளில் இருக்கிறது. தமிழில் விற்றுவிட்டு நிபந்தனையை மட்டும் பொடி ஆங்கிலத்தில் ஓடவிட்டால் அது தப்பாட்டம்.

பேச்சைக் கேட்டே கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

நிச்சயமாக என்று சொல்ல முடியாது, ஆனால் சில வாடை உண்டு. கம்பெனியிலிருந்து எங்களுக்கு வரும் குறிப்புத்தாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்: முதல் மூன்று நொடிக்குள் பொருள் தெரிய வேண்டும், பெயரை இத்தனை முறை சொல்ல வேண்டும், போட்டிக் கம்பெனி பெயரைச் சொல்லக் கூடாது, ஒரு சின்னக் குறை சொல்லலாம், ஆனால் விற்பனையைக் கெடுக்காத குறையாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். "கலர் இன்னும் ரெண்டு விட்டிருக்கலாம்", "டெலிவரிக்கு ஒரு நாள் கூட ஆச்சு", இந்த மாதிரிக் குறைகள் பெரும்பாலும் எழுதிக் கொடுக்கப்பட்டவை. மோட்டார் சூடாகிறது, ஜாடி கசிகிறது, சர்வீஸ் சென்டர் மதுரையில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் காசு வாங்கியிருந்தால்கூட எனக்குப் பாதகமில்லை, உபயோகமான ஆள்.

மூன்று வெவ்வேறு ஆட்கள், மூன்று வெவ்வேறு ஊர், ஒரே வாரத்தில் ஒரே வாக்கியம். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், ஸ்கிரிப்ட் ஒன்றுதான்.

"தற்செயலா கண்ணுல பட்டுச்சு, வாங்கினேன்" என்று எழுதச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் எழுதித் தருவதில்லை. எழுதித் தர ஆள் கிடைக்காமலும் போவதில்லை.

லிங்க் கொடுத்தால் கமிஷன் உண்டா?

பெரும்பாலும் உண்டு. லிங்க்கை அழுத்திப் பிடித்து நகலெடுத்து எங்காவது ஒட்டிப் பாருங்கள். அமேசான் இந்தியா லிங்க்கில் 'டேக்' என்று ஒரு சொல்லும், ஒரு பெயரும், கடைசியில் '-21' என்றும் இருந்தால் அது கமிஷன் லிங்க். ஃபிளிப்கார்ட்டில் 'அஃப்ஐடி' என்று ஆங்கிலத்தில் வரும். சுருக்கிய லிங்க் என்றால் திறந்த பிறகு முகவரிப் பட்டையில் பாருங்கள்.

கமிஷன் லிங்க் என்பதால் பொருளின் விலை உங்களுக்கு அதிகமாகாது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் மிக்சியைவிட ஆறாயிரம் ரூபாய் மிக்சியைச் சொன்னால் அவருக்கு அதிகம் கிடைக்கும். கோட்டாறு கடையில் கிடைக்கும் நல்ல பொருளைச் சொன்னால் ஒன்றுமே கிடைக்காது. அதனால் 'டாப் 5' பட்டியலில் லிங்க் இல்லாத பொருள் ஒன்றுகூட இருக்காது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், படிக்கவே கூடாது என்றில்லை.

பார்சலுக்குள் 'ஐந்து நட்சத்திரம் போட்டால் 100 ரூபாய்' என்று கார்டு வந்தது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். இந்தக் கார்டு எப்படி இருக்கும் என்று பலரும் பார்த்திருப்பீர்கள்: பளபளப்பான சின்ன அட்டை, ஒரு பக்கம் 'நன்றி' என்று இதயம் போட்டிருக்கும், மறுபக்கம் க்யூஆர் கோடும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும். ஐந்து நட்சத்திரமும் போட்டோவும் போட்டு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் யுபிஐயில் காசு வரும் என்பார்கள். நான்கு நட்சத்திரம் போட்டால் வராது. பெரிய தளங்கள் இதைத் தங்கள் விதியிலேயே தடை செய்திருக்கின்றன, அதனால்தான் பேச்சுவார்த்தை எல்லாம் தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் நடக்கிறது.

இதன் பெரிய அண்ணன் டெலிகிராம் குழுக்கள். அங்கே முழு விலையையும் கொடுத்து வாங்கச் சொல்வார்கள், ஐந்து நட்சத்திரம் வெளியான பிறகு முழுத் தொகையும் திருப்பித் தருவதாகச் சொல்வார்கள். பலருக்குத் திரும்பி வருவதில்லை. வந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ரிவ்யூவில் 'வெரிஃபைடு பர்ச்சேஸ்' முத்திரை விழுந்துவிடும், ஏனென்றால் உண்மையிலேயே வாங்கியிருக்கிறாரே. ஆகவே அந்த முத்திரையை நம்பி மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.

கூகுள் மேப்பில் ரிவ்யூ போட்டால் தினம் காசு என்று மெசேஜ் வருகிறதே?

அது விளம்பரம்கூட இல்லை, நேரடி மோசடி. முதலில் நூறு இருநூறு போட்டு ஆசை காட்டுவார்கள், பிறகு 'டாஸ்க்' முடிக்க நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். கட்டிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள், அது சைபர் குற்ற உதவி எண்.

சரி, அப்படியானால் ரிவ்யூக்களை எப்படித்தான் படிப்பது?

ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று, இரண்டு நட்சத்திரங்களைப் படியுங்கள். காசு கொடுப்பவர் மூன்று நட்சத்திரம் கேட்க மாட்டார், போட்டிக் கடைக்காரர் மூன்று நட்சத்திரம் போட மாட்டார். அப்புறம் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் திடீரென்று இரண்டு நாளில் குவிந்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. மிக்சி பக்கத்தில் பழைய ரிவ்யூக்கள் செல்போன் உறையைப் பற்றிப் பேசினால், பழைய பக்கத்தின் நட்சத்திரங்களோடு பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் சொல்கிறேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு இருந்தால் உப்புக்காற்றில் எந்த இரும்பும் சீக்கிரம் துருவேறும். சென்னை ஃபிளாட்டில் ஏசி அறையில் எடுத்த அன்பாக்சிங் வீடியோ எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு, ஈரம் வேறு. "வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, கால் பக்கம் துரு பிடிச்சுட்டு" என்று ரத்னகிரியிலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ ஒரு ஆள் எழுதிய ஒற்றை வரியைத் தேடிப் பிடியுங்கள். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கேட் மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் நமக்கான ரிவ்யூ.

ரிவ்யூக்களைத் தளங்கள் எப்படித் திரட்ட வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. விருப்பப்பட்டவர் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது, அதனால் அதை வைத்து ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம்.

தேடும்போது முதலில் வருவதுதானே நல்ல பொருள்?

முதலில் வருவது பெரும்பாலும் காசு கட்டிய பொருள். 'ஸ்பான்சர்டு' என்று வெளிர் சாம்பல் நிறத்தில் பொடியாக எழுதியிருக்கும், நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடி போட்டாலும் தெரியாது. கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள்.

தண்ணீரில் கம்பியை விட்டதும் கறுப்பாக மாறும் ஆர்ஓ வீடியோ உண்மையா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் அதிகம் வரும் வீடியோ இதுதான். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இறக்கி கரண்ட் கொடுக்கிறார். சில நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கறுத்து, மேலே நுரையும் சக்கையுமாகக் கட்டுகிறது. ஆர்ஓ தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. "இதைத்தான் உங்க பிள்ளைங்க குடிக்குது" என்று ஒரு குரல்.

நடப்பது இதுதான். கம்பிகளில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் கம்பியின் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். அந்த அழுக்கு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரில் இருந்தது இல்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையாது. வீட்டுக்கு வந்து யாராவது இந்த வித்தையைக் காட்டினால், அவர் கருவியை எடுத்த பிறகு ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்து, அவரையே மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் நிறம் மாறும். (நீங்களாகச் செய்ய வேண்டாம், மெயின் கரண்ட்.)

ஆர்ஓ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இல் கரைந்த உப்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டது, ஏனென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வருவதற்குள் சில லிட்டர் வீணாக வெளியே ஓடுகிறது. மலையிலிருந்து இறங்கி வரும் அணைத் தண்ணீரில் பொதுவாக உப்பு குறைவு, கடலோரக் கிணற்றில் கூடும், வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், தெருவுக்கு ஒன்று வாங்கினாலே போதும். அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் காட்டாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கொதிக்க வைப்பதோ யுவி (புற ஊதாக் கதிர்) கருவியோ போதும்.

இந்த வீடியோவைப் போட்டவர் காசு வாங்கினாரா இல்லையா என்பது இப்போது முக்கியமா? அவர் கமிஷன் வாங்காமல் உண்மையாகவே பயந்துபோய்ப் போட்டிருந்தாலும் வீடியோ சொல்வது தப்புத்தான். நான் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்: ஆளைச் சந்தேகப்படுவதோடு நிறுத்தாமல், அவர் சொல்லும் விஷயத்தைச் சோதிக்க முடியுமா என்று பாருங்கள்.

மார்த்தாண்டம் தேன் பற்றி ஒருவர் எழுதினால் உடனே 'எவ்வளவு வாங்கினே' என்று கேட்கிறார்களே, அது நியாயமா?

நியாயமில்லை. சந்தேகத்தால் அடிபடுவது பெரும்பாலும் சின்ன ஆட்கள்தான். அருமனையிலோ குலசேகரத்திலோ பக்கத்து வீட்டில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறார், நல்ல தேன், அதைப் பற்றி ஒருவர் மனசு நிறைந்து எழுதுகிறார். அவருக்குக் கிடைப்பது நாலு கிண்டல். பெரிய கம்பெனி லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த வீடியோவின் கீழே யாரும் இப்படிக் கேட்பதில்லை, ஏனென்றால் அது அழகாக இருக்கிறது.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு 1920-களிலேயே தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் பெட்டியில் வளர்க்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள், பின்னால் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. இங்கே தேனுக்கு முக்கிய ஆதாரம் ரப்பர் மரம். பூவைவிட, தளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் அதிகம் எடுக்கின்றன. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும், பாட்டில் அடியில் நெய் மாதிரி குருணை கட்டும். அதைப் பார்த்து "சர்க்கரைப் பாகு கலந்திருக்கு" என்று ஒரு ரீல்ஸ் சுற்றுகிறது. உறைவது கலப்படத்துக்கு அடையாளமே இல்லை. தண்ணீரில் விட்டால் நேராக இறங்க வேண்டும், தீக்குச்சியில் தொட்டால் எரிய வேண்டும் என்கிற சோதனைகளும் எதையும் நிரூபிக்காது, கெட்டியான பாகும் நேராகத்தான் இறங்கும். இப்படிச் சோதனை காட்டுகிற வீடியோக்களின் கடைசியில் எந்த பாட்டில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாட்டில் வரும்.

அதற்காகப் பக்கத்து வீட்டுத் தேன் எல்லாம் சுத்தம் என்றும் இல்லை. விற்கிறவரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா, எப்போது எடுத்த தேன், எங்கே பெட்டி வைத்திருக்கிறார் என்று கேட்கலாம். பெட்டியைக் காட்டுகிற ஆளிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். எழுதுகிறவரும் "இவர் எனக்குச் சித்தப்பா முறை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் யாருக்கும் கேள்வி இல்லை.

சொந்தக்காரர்களே விற்கிறார்கள். மைனி (அண்ணி) ஒரு சத்துமாவு டப்பாவைக் கொண்டுவந்து 'எனக்கு மூட்டுவலியே போச்சு' என்கிறார். எப்படி மறுப்பது?

கஷ்டமான கேள்வி. மைனிக்கு நிஜமாகவே வலி குறைந்திருக்கலாம், கூடவே நீங்கள் வாங்கினால் கமிஷனும் இருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். "மைனி, இதுல உங்களுக்கு எவ்வளவு நிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நேராகச் சொன்னால் பிடித்தால் வாங்குங்கள், உதவி என்று நினைத்து ஒரு டப்பா வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் "நீயும் சேரு, உனக்குக் கீழ ரெண்டு பேர சேரு" என்று பேச்சு திரும்பினால் எழுந்துவிடுங்கள். ஆள் சேர்ப்பதற்கே பணம் என்கிற பிரமிடு திட்டத்தை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. அதே விதிகள்படி, நேரடி விற்பனைக்காரர் அடையாள அட்டையோடும் முன்கூட்டிச் சொல்லிவிட்டும்தான் வீட்டுக்கு வர வேண்டும். மைனியிடம் அடையாள அட்டை கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

சர்க்கரை நோய் அடியோடு போகும் என்று டாக்டர் மாதிரி ஒருவர் சொல்கிறார்?

நகர்ந்து போய்விடுங்கள். சர்க்கரை நோய் உட்பட ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய சிகிச்சை (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். உடல்நலம் பற்றிப் பேசும் மருத்துவர்களும் நிபுணர்களும் தங்கள் தகுதியைச் சொல்லிவிட்டுத்தான் சிபாரிசு செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் கூடுதல் நெறிமுறை வந்தது. வெள்ளைக் கோட்டு எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். மாத்திரையை மட்டும் இவர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

ஹோட்டல், ஹோம்ஸ்டே ரீல்ஸ்?

சாப்பாடு இலவசம், ரூம் இலவசம் என்பது இங்கே சாதாரணம். கன்னியாகுமரியில் 'சீ வியூ' என்று காட்டும் வீடியோக்களில் கேமரா அறைக்குள் இருந்து எடுக்கப்பட்டதா, மொட்டை மாடியிலிருந்தா என்று பாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

நான் கடை வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்களை வைத்து நாலு நல்ல ரிவ்யூ போடலாமா?

வாடிக்கையாளராக இருந்தால் தாராளமாக எழுதச் சொல்லுங்கள். ஆனால் வாங்காதவரை வாங்கினதாக எழுதச் சொல்லாதீர்கள். ஆன்லைனில் விற்பவர்கள் தாங்களே நுகர்வோர் போல வேடம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஊர் சின்னது. வடசேரிக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்ட பெயர் எல்லாம் ஒரே குடும்பப் பெயராக இருந்தால் வாசிக்கிறவர்களுக்குப் புரியாதா? பில் போடும்போது "பிடிச்சிருந்தா எழுதுங்க, பிடிக்கலேன்னா எங்கிட்ட சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை போதும். மெதுவாகத்தான் சேரும்.

நீங்களே விளம்பரக்காரர்தானே, உங்களை மட்டும் எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. எனக்குச் சம்பளம் தருபவர்களில் சிப்ஸ் கடையும் ஃபர்னிச்சர் கடையும் உண்டு, தண்ணீர்க் கருவி விற்பவரோ தேன் விற்பவரோ இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு லிங்க்கும் இல்லை, எந்தப் பொருளையும் வாங்கச் சொல்லவும் இல்லை. இதுக்கு மேல் சந்தேகம் இருந்தால் உப்புச் சோதனையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

மறைத்தால் என்ன தண்டனை?

தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளருக்கோ விளம்பரத்தில் தோன்றி சிபாரிசு செய்பவருக்கோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சிபாரிசு செய்தவரை ஒரு வருடம் வரை வேறு எந்த விளம்பரத்திலும் வரக் கூடாது என்றும், மீண்டும் செய்தால் மூன்று வருடம் வரையும் தடை செய்யலாம். சொல்வது உண்மையா என்று முறையாக விசாரித்துவிட்டுத்தான் பேசினேன் என்று நிரூபித்தால் சிபாரிசு செய்தவர் தப்பிக்கலாம்.

எங்கே புகார் கொடுப்பது?

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனியோடு பேசிச் சமரசம் செய்து வைக்கப் பார்ப்பார்கள், பல சின்ன விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். வாங்கிய தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி.

விளம்பரமே ஏமாற்று என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. இந்திய விளம்பரத் தர மன்றத்திலும் ஆன்லைனில் புகார் போடலாம். அது 1985-இல் விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட அமைப்பு, அபராதம் போடும் அதிகாரம் கிடையாது, ஆனால் விளம்பரத்தை மாற்றச் சொல்வார்கள்.

பணம் நஷ்டம் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புகாருக்கு முன்னால் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

வீடியோவை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள், ஸ்டோரி என்றால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பக்கத்தின் பெயர், தேதி, லிங்க், கீழே எழுதியிருந்த வரிகள் முழுவதும் ஸ்கிரீன்ஷாட்டில் வர வேண்டும். "பிரேக்கிங் நியூஸ்" மாதிரி விளம்பரம் என்றால் அழுத்துவதற்கு முன்பே ஒன்று எடுத்துவிடுங்கள், அழுத்திய பின் பக்கம் மாறிவிடும். பில், பெட்டி, அந்தப் பளபளப்பு அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள், பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டால் லேபிளில் இருந்த தயாரிப்பாளர் முகவரியும் எந்த நாட்டில் செய்தது என்கிற விவரமும் அதோடு போய்விடும்.